இதய நோயும் இதயப் பரிசோதனைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனையில், இதயநோய்ப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். இ.சி.ஜி. அறை வாசலிலும், எக்கோ என்னும் இதய ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெஞ்சிலும், இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர்களிடமும் நான் கேட்ட சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். "டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது சிஸ்டர், நீங்களே சொல்லுங்கள்" என்று தொடங்கும் அந்தக் கேள்விகளை, முடிந்தவரை கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். இந்த நிமிடத்தில் நெஞ்சு வலிக்கிறது என்பவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

1. இதய நோய் என்றாலே மாரடைப்புதானே?

இல்லை. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. நாம் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இந்த வேலை தடையின்றி நடக்க நான்கு உறுப்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும்: இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள், சுருங்கி விரியும் தசை, இரத்தம் பின்னோக்கி வராமல் காக்கும் வால்வுகள், எப்போது சுருங்க வேண்டும் என்று தசைக்குச் சொல்லும் மின்பாதை. தமனி அடைத்தால் மாரடைப்பு. தசை தளர்ந்தால் இதயச் செயலிழப்பு. வால்வு சுருங்கினாலோ கசிந்தாலோ வால்வு நோய். மின்பாதை பழுதானால் துடிப்புக் கோளாறு. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதும் உண்டு.

இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும். கீழே வரும் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் நன்றாகப் பார்க்கின்றன. ஒரே ஒரு சோதனையை எடுத்துவிட்டு "முழு இதயமும் நன்றாக இருக்கிறது" என்று யாராலும் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

2. இதயத்துக்குள் எப்போதும் இரத்தம் நிறைந்திருக்கிறதே, பிறகு இதயத்துக்கே இரத்தம் போதவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நான் கேட்ட கேள்விகளில் மிகக் கூர்மையான ஒன்று இது. கேட்டவர் பள்ளிக்கூடம் போகாத ஒரு விவசாயி. இதயத்தின் சுவர் தடிமனான தசை. உள்ளே ஓடும் இரத்தம் அந்தச் சுவரின் ஆழத்துக்கு ஊறிச் செல்வதில்லை. வாய்க்காலின் நடுவே தண்ணீர் ஓடினாலும், மடை திறந்தால்தான் வயலுக்குப் பாயும் என்று அவருக்குச் சொன்னேன். மகாதமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே வலம், இடம் என இரண்டு சிறு தமனிகள் பிரிகின்றன. இடது தமனி மீண்டும் இரண்டு பெரிய கிளைகளாகிறது. தசைக்கான மடைகள் இவைதாம்.

இவற்றின் உட்சுவரில் கொழுப்பு பல ஆண்டுகளாகப் படிந்து பாதை குறுகும்போது, உட்கார்ந்திருக்கையில் கிடைக்கும் இரத்தம் மாடி ஏறும்போது போதாமல் போகிறது, நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சில நிமிடங்களில் தணிகிறது. இதை ஆஞ்சைனா என்கிறோம். மாரடைப்பு பெரும்பாலும் வேறு விதமாக நிகழ்கிறது: கொழுப்புப் படிவின் மேல்தோல் திடீரென வெடிக்க, அதன் மேல் இரத்தம் உறைந்து, தமனி சில நிமிடங்களிலேயே முழுவதும் அடைபடுகிறது. வெடிக்கும் படிவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அதுவரை எந்தத் தொல்லையும் தராத சிறு படிவும் வெடிக்கலாம். இதைக் கேள்வி 13-இல் மறுபடி பார்ப்போம்.

3. வாயுப் பிடிப்பா, மாரடைப்பா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு விடையை மட்டும் எல்லா வீடுகளுக்கும் கொண்டுசேர்க்க முடிந்தால் போதும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. என் சித்தப்பாவுக்கு ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல்வயிற்றில் அழுத்தம், ஏப்பம் வந்தது, வேர்த்தது. இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைத்தார்கள். காலையில் மருத்துவமனைக்கு வரும்போது இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்திருந்தது. அதன்பின் அவர் உயிரோடு இருந்த நான்கு ஆண்டுகளும் வாசல்வரை நடக்கவே மூச்சிரைத்தது.

வயிறும் இதயமும் குழப்பம் தருவதற்குக் காரணம் உண்டு. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும், மேல்வயிறு, இடது கை போன்ற இடங்களிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் அருகருகே போய்ச் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு குமட்டலாகவும் வாந்தியாகவும் மேல்வயிற்று வலியாகவும் தோன்றுவது வழக்கம். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் இதமாக இருப்பதை வைத்து இது வாயுதான் என்று முடிவு கட்டக் கூடாது.

இதய வலிக்கு ஆதரவான அடையாளங்களைச் சொல்கிறேன். நோயாளி விரலால் ஓர் இடத்தைக் காட்டாமல், உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவார். "கல்லைத் தூக்கி வைத்ததுபோல", "கயிற்றால் இறுக்குவதுபோல" என்பார். வலி தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவலாம். கூடவே குளிர்ந்த வியர்வையும் மூச்சுத் திணறலும் வரலாம். மாறாக, ஒரு நொடி குத்தி மறைவது, மூச்சை இழுத்தால் கூடுவது, விலா எலும்பை அழுத்தினால் அதே வலி வருவது ஆகியவை இதய வலியாக இருக்கும் வாய்ப்பைக் குறைக்கின்றன. குறைக்கின்றன என்றுதான் சொல்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை.

4. வலியே இல்லாமல் மாரடைப்பு வருமா?

வரும். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியைச் சொல்லும் நரம்புகளே மழுங்கியிருக்கும். அவர்களுக்கும் முதியவர்களுக்கும் திடீர் மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை, கண் இருட்டி மயக்கம், சொல்லத் தெரியாத பெருஞ்சோர்வு ஆகியவையே மாரடைப்பின் முதல் முகமாக இருக்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் நெஞ்சு வலிதான் மிகுதியாக வரும் அறிகுறி; ஆனால் குமட்டல், முதுகு வலி, களைப்பு ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வருகின்றன. அதைவிடப் பெரிய இடையூறு, அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பிறகு போகலாம் என்று அவர்களே தள்ளிப்போடுவது. நாங்கள் அட்டையில் எழுதும் 'வலி தொடங்கிய நேரம்', 'வந்து சேர்ந்த நேரம்' என்ற இரண்டுக்கும் இடைவெளி பெண்களுக்கு நீண்டிருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

5. நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

நோயாளியை நடக்கவிடாமல் உட்கார வையுங்கள், 108-ஐ அழையுங்கள், அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வர அனுமதிக்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவுத் தொல்லையோ இல்லாதவருக்கு, தொலைபேசியில் பேசும் மருத்துவப் பணியாளர் சொன்னால் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும், ஆண்மைக் குறைவுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியில் உண்மை இல்லை.

பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது நேரத்தை வீணாக்குவதாகாது. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மருந்துகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. நெஞ்சு வலி என்பதை வரிசையில் நிற்காமல் முதல் ஆளிடமே சொல்லுங்கள். முழு அடைப்பு என்றால், பலூன் வைத்துத் தமனியைத் திறக்கும் வசதியுள்ள இடத்தில் 90 நிமிடத்துக்குள் திறப்பது இலக்கு. அந்த வசதிக்கு நெடுநேரம் ஆகும் என்றால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் தரும் பலனை, பத்தாவது மணியில் தருவதில்லை.

6. டாக்டர் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறார், கையைப் பிடிக்கிறார், காலை அழுத்துகிறார். நேரே ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன?

நீங்கள் சொல்லும் கதைதான் முதல் பரிசோதனை. எவ்வளவு தூரம் நடந்தால் வலி வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் போகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, தலையணை எத்தனை, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தீர்களா என்ற கேள்விகளுக்கான விடைகள், எந்தக் கருவியை அடுத்து நாட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நாடியில் துடிப்பின் ஒழுங்கு தெரிகிறது. கழுத்து நரம்பின் புடைப்பிலும் காலில் விரல் அழுத்திய குழியிலும் உடலில் தேங்கிய நீர் தெரிகிறது. வால்வின் சுருக்கமும் கசிவும் ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சலாகக் கேட்கின்றன. பிரான்சில் லெனெக் என்ற மருத்துவர் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய முறை இது. இன்றும் அதன் மதிப்புக் குறையவில்லை.

மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய இ.சி.ஜி. தாளைத் தூக்கி எறியாதீர்கள். இன்றைய கோட்டில் உள்ள மாற்றம் புதிதா பழையதா என்பதை அந்தப் பழைய தாள் நொடியில் சொல்லிவிடும்.

7. பி.பி. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது, எதை நம்புவது?

எடுத்த முறையைப் பாருங்கள். பேருந்திலிருந்து இறங்கி, மாடி ஏறி வந்தவுடன் எடுத்த அளவு உங்கள் அளவாகாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். அரைமணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்திருக்க வேண்டும். பட்டையைச் சட்டையின் மேல் சுற்றாமல் வெறும் கையில், கை இதயத்தின் உயரத்தில் இருக்குமாறு கட்ட வேண்டும். எடுக்கும்போது பேசக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாக ஏறும்.

வெவ்வேறு நாட்களில் இப்படி எடுத்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2017-இல் இந்த வரம்பை 130/80 ஆக இறக்கின. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அழுத்தம் ஏறுபவர்கள் வீட்டில் கருவி வைத்து ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்துக் கொண்டுவந்தால், அந்தத் தாள் எங்களுக்குப் பெரிய உதவி.

8. இ.சி.ஜி. எடுக்கும்போது ஷாக் அடிக்குமா? அந்தக் கோடுகளில் என்னதான் தெரிகிறது?

அடிக்காது. கருவி உங்கள் உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. இதயம் தானே உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தோலின் மேலிருந்து கேட்டு எழுதுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

கைகால்களில் நான்கும் நெஞ்சில் ஆறுமாகப் பத்து இடங்களில் ஒட்டுகிறோம். அவற்றிலிருந்து பன்னிரண்டு கோணங்களில் இதயம் பார்க்கப்படுகிறது. ஒரு வீட்டைச் சுற்றி வந்து பன்னிரண்டு சன்னல்கள் வழியாக எட்டிப் பார்ப்பதைப் போன்றது அது. துடிப்பு ஒழுங்கானதா, மின்பாதையில் தடை உண்டா, எந்தச் சுவர் இந்த நிமிடம் இரத்தமின்றித் தவிக்கிறது, பழைய மாரடைப்பின் தழும்பு உண்டா ஆகியவை இதில் தெரியும். பெண்கள் கூச்சப்படாமல், பெண் பணியாளர் வேண்டும் என்றோ திரை வேண்டும் என்றோ கேளுங்கள். மின்முனைகளை ஆடைக்கு ஏற்ப இடம் மாற்றி ஒட்டினால் கோடும் மாறும். தவறான தாள் தவறான முடிவில் கொண்டுபோய் விடும்.

9. இ.சி.ஜி. நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் இதயத்தில் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?

இந்த நம்பிக்கையால் ஏற்பட்ட இழப்புகளை நேரில் கண்டவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: இல்லை. இ.சி.ஜி. என்பது, எடுக்கப்பட்ட அந்தப் பத்து நொடிகளின் சாட்சி. கேள்வி 2-இல் சொன்ன ஆஞ்சைனா உள்ள பலருக்கு, ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த கோடு முற்றிலும் சரியாகவே இருக்கும். மாரடைப்பின் தொடக்கத்திலும் முதல் தாள் சரியாக இருந்து, அரைமணி கழித்து எடுத்த தாளில் மாற்றம் தெரிவதுண்டு. வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுப்பது அதனால்தான். வலி நீடிக்கும்போது ஒரே ஒரு நார்மல் தாளோடு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

10. டிரோபோனின் இரத்தப் பரிசோதனை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் ஊசி குத்துகிறார்களே, ஏன்?

டிரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமடைந்தால் அது இரத்தத்தில் கசிகிறது. கசிந்து, அளக்கும் அளவுக்குச் சேர்வதற்குச் சில மணி நேரம் ஆகும். வலி வந்து ஒரு மணி நேரத்தில் ஓடி வந்தவருக்கு முதல் அளவு குறைவாகவே இருக்கலாம். இரண்டாவது அளவு ஏறுகிறதா என்பதே கேள்வி. நுட்பம் மிகுந்த புதிய முறைகளில் ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளி போதும். பழைய முறைகளில் ஆறு மணி நேரம்வரை காத்திருக்க நேரும். சிறுநீரக நோய், நுரையீரலில் உறைகட்டி, இதயத் தசை அழற்சி ஆகியவற்றிலும் இது உயரும் என்பதால், எண்ணை மட்டும் வைத்து மாரடைப்பு என்று சொல்வதில்லை. ஆனால் இ.சி.ஜி.யில் முழு அடைப்பு தெளிவாகத் தெரியும்போது இந்த முடிவுக்காக ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

11. எக்கோவில் இ.எஃப். 60 என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் 40 சதவீதம் இதயம் வேலை செய்யவில்லையா?

இந்தக் கேள்வியோடு கலங்கிய கண்களுடன் வந்தவர்கள் எத்தனையோ பேர். கவலை வேண்டாம், 60 நல்ல அளவு. இதயத்தின் இடது கீழறை நிறைந்திருக்கும்போது உள்ள இரத்தத்தில், ஒரு சுருக்கத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதே இ.எஃப். ஆரோக்கியமான இதயமும் முழுவதையும் காலி செய்வதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரை இயல்பு. 40-உம் அதற்குக் கீழும் என்றால் தசை பலவீனமாகிவிட்டது என்று பொருள். இடையில் உள்ளவர்களை மருத்துவர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வார். 55-இல் இருந்து அடுத்த முறை 52 வந்தால் பதற வேண்டாம். பார்ப்பவரைப் பொறுத்தே அந்த அளவு வேறுபாடு வரும்.

கர்ப்பிணி வயிற்றில் எடுக்கும் ஸ்கேனைப் போலவே எக்கோவும் ஒலியலையால் ஆனது, கதிர்வீச்சு இல்லை. கேள்வி 1-இல் சொன்ன நான்கில் தசையையும் வால்வுகளையும் பார்க்க இதைவிட எளிய கருவி கிடையாது.

12. எக்கோவில் இவ்வளவு தெரியும்போது, அடைப்பு தெரியாதா?

நேரடியாகத் தெரியாது. அடைப்பினால் ஒரு சுவர் சரியாக அசையாமல் இருந்தால், அந்த அசைவுக் குறையிலிருந்து எந்தத் தமனி என்று ஊகிக்கலாம். 80 சதவீத அடைப்பு உள்ளவருக்கும், தசை இன்னும் சேதமாகாதிருந்தால், ஓய்வில் எடுக்கும் எக்கோ சரியாகவே இருக்கும்.

13. என் அண்ணன் டி.எம்.டி.யில் நன்றாக ஓடினார், எல்லாம் சரி என்றார்கள். இரண்டே மாதத்தில் மாரடைப்பு. டெஸ்ட் பொய்யா?

டெஸ்ட் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொன்னது. டி.எம்.டி. என்பது, டிரெட்மில் என்னும் ஓடும் பட்டையில் நடக்கவைத்து இ.சி.ஜி. எடுப்பது. இதில் பெரும்பாலும் பின்பற்றப்படும் புரூஸ் முறையில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும், மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்குகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதத்தையாவது துடிப்பு எட்ட வேண்டும். 50 வயதுக்காரருக்கு ஏறத்தாழ 145. உழைப்பு கூடும்போது தசைக்கு இரத்தம் போதாமல் போகிறதா என்பதே இதில் கேட்கப்படும் கேள்வி. பாதையைப் பெரிதும் குறுக்காத சிறு படிவு இருந்தால் இரத்தம் போதும், கோடும் மாறாது. அந்தச் சிறு படிவு பின்னொரு நாள் வெடித்தால் மாரடைப்பு. உங்கள் அண்ணனுக்கு அப்படி நடந்திருக்கலாம்.

பெரிய அடைப்பையும் இந்தச் சோதனை சிலரிடம் தவறவிடும். அடைப்பே இல்லாதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இருப்பதுபோலக் காட்டுவதும் உண்டு. "டி.எம்.டி. பாசிட்டிவ்" என்ற சொல்லே தீர்ப்பு ஆகாது. எத்தனை நிமிடம் நடந்தார், வலி வந்ததா, அழுத்தம் இறங்கியதா என்பவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். வலி நீடித்துக்கொண்டிருப்பவரை டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது.

14. ஆஞ்சியோ செய்துவிட்டால் அடைப்பு சரியாகிவிடும்தானே?

ஆஞ்சியோகிராம் படம் பிடிப்பது, ஆஞ்சியோபிளாஸ்டி சரிசெய்வது. இரண்டையும் "ஆஞ்சியோ" என்று ஒரே சொல்லால் குறிப்பதால், கையெழுத்துப் போடும் உறவினர்கள்கூடக் குழம்புகிறார்கள். எதற்கு ஒப்புதல் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

மணிக்கட்டிலோ தொடை மடிப்பிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத் தமனியின் வாயில் மருந்துச் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை, குத்தும் இடம் மட்டும் மரக்கும். ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் 1929-இல் தன் கை நரம்பு வழியாகத் தன் இதயத்துக்கே குழாய் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு 1956-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று பெரிய சிக்கல்கள் மிக அரிது. சிறுநீரகக் குறை, சாய மருந்துக்கு முன்பு வந்த ஒவ்வாமை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஆகியவற்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். குழாய் இல்லாமல் சி.டி. ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோவும் உண்டு. அடைப்பு இருக்கும் வாய்ப்பு குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கு, அடைப்பு இல்லை என்று உறுதி செய்ய அது நல்ல வழி.

15. 70 சதவீத அடைப்பு இருக்கிறது, ஆனால் ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார்கள். எங்களிடம் பணமில்லை என்பதால் சொல்கிறார்களா?

இப்படிக் கேட்க நேரும் நிலையே வருத்தம் தருவது. ஆனால் விடை மருத்துவத்தில் இருக்கிறது. ஸ்டென்ட் என்பது, திறந்த தமனி மீண்டும் மூடாமல் தாங்கும் சிறு வலைக்குழாய். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது தமனியைத் திறப்பது உயிரைக் காக்கிறது. அதில் இரண்டு கருத்து இல்லை. நிலையாக, உழைத்தால் மட்டும் வலி வரும் நோயாளிகளின் கதை வேறு. 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸும் (அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை), மற்றொரு பிரிவுக்கு முதலில் மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், மரணத்திலோ மாரடைப்பிலோ தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வலி மிகுந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட் கூடுதல் நிம்மதி தந்தது. கேள்வி 2-ஐ நினைவில் வைத்தால் காரணம் புரியும்: ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது, மாத்திரைகள் எல்லாத் தமனிகளிலும் உள்ள படிவுகளை வெடிக்காமல் காக்கின்றன.

விதிவிலக்குகள் உண்டு. இடது தமனியின் அடித்தண்டில் அடைப்பு, இ.எஃப். மிகக் குறைந்த நிலை, மருந்துக்கு அடங்காத வலி ஆகியவற்றில் காத்திருப்பது சரியல்ல. "என் அடைப்பு எந்த வகை, ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா, வலி மட்டும் குறையுமா" என்று நேராகக் கேளுங்கள்.

16. ஸ்டென்ட் வைத்தாயிற்று, வலி இல்லை. இரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? பல் பிடுங்க வேண்டியிருக்கிறது.

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அந்நியப் பொருள். அதன் மேல் உடலின் உட்தோல் படரும்வரை இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. உறைந்தால் அது முழு அடைப்பு. ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது மாத்திரையை, மாரடைப்புக்குப் பின் வழக்கமாக ஓராண்டும், நிலையான நோய்க்கு ஆறு மாதமும் தொடர்வார்கள். அதன்பின்னும் ஒன்று தொடரும். இரத்தக்கசிவு வாய்ப்பைப் பார்த்து இந்தக் காலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில். சாதாரணமாகப் பல் பிடுங்க இவற்றை நிறுத்தவே தேவையில்லை என்பதைப் பல் மருத்துவரும் அறிவார். கொழுப்பு மாத்திரையும் அப்படியே. பரிசோதனையில் அளவு சரியாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். சரியானதே அந்த மாத்திரையால்தான்.

17. எனக்கு 38 வயது, ஒல்லியான உடம்பு, வலி எதுவும் இல்லை; ஆனாலும் பயமாக இருக்கிறது. எல்லா டெஸ்டையும் எடுத்துவிடலாமா?

பயத்துக்கு ஓரளவு காரணம் உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவுகளில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தி வந்திருந்தது. ஒல்லி உடம்பு முழுக் காப்பு ஆகாது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருப்பது நம்மிடையே மிகுதி. அதே ஆய்வு, புகையிலை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மது என்ற ஒன்பதிலேயே ஆபத்தின் மிகப் பெரும்பகுதி அடங்கும் என்றும் காட்டியது.

ஆதலால் அறிகுறி இல்லாதவர் முதலில் அளக்க வேண்டியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து டி.எம்.டி.யும் ஸ்கேனும் எடுத்தால், கேள்வி 13-இல் சொன்ன பொய்யான பாசிட்டிவ் வந்து தேவையில்லாத ஆஞ்சியோவில் முடியலாம். பொய்யான நிம்மதி கிடைத்துச் சிகரெட்டைத் தொடரவும் செய்யலாம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்போ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

18. ஹார்ட் ஃபெயிலியர் என்று எழுதிவிட்டார்கள். இதயம் நின்றுவிடப் போகிறதா?

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு, தமனி அடைபடுவது. இதய நிறுத்தம், துடிப்பே நின்று ஆள் உணர்விழந்து விழுவது. அருகில் இருப்பவர் உடனே உதவிக்கு அழைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதயச் செயலிழப்பு, தேவைக்கேற்ற அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் தளர்ந்திருப்பது. இது பல ஆண்டுகள் மருந்தோடு வாழக்கூடிய நிலை.

இவர்களுக்கு வீட்டில் உள்ள மிகச் சிறந்த கருவி எடை பார்க்கும் இயந்திரம். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்கி மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை ஒதுக்க வேண்டும் என்று சொன்னால் பலர் முகம் வாடும். எனக்கும் அது தெரியும். ஆனால் திருவிழா முடிந்த மறுவாரம் எங்கள் வார்டில் கட்டில்கள் நிரம்புவதையும் பார்த்திருக்கிறேன்.

19. என் மகளுக்கு 19 வயதுதான். வால்வு சுருக்கம் என்கிறார்கள். 21 நாளுக்கு ஒருமுறை போடும் அந்த வலிமிகுந்த ஊசியால் வால்வு சரியாகிவிடுமா?

ஊசியால் வால்வு விரியாது. சிறு வயதில் ஒருவகைக் கிருமியால் வந்த தொண்டைப் புண்ணை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்புப் படை, தவறுதலாக மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கியதன் விளைவு இது. ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். ஒவ்வொரு புதிய தொண்டைப் புண்ணும் அந்தத் தாக்குதலை மீண்டும் தூண்டி வால்வை மேலும் கெடுக்கும். பென்சிலின் ஊசி அந்த அடுத்த தாக்குதலைத் தடுக்கிறது. மருந்து உடலில் தேவையான அளவில் ஏறத்தாழ மூன்று வாரம்தான் நிற்கிறது என்பதால் 21 நாள் கணக்கு. வால்வில் பாதிப்பு உள்ளவர்களுக்கு 40 வயதுவரையோ வாழ்நாள் முழுவதுமோ இது தொடரும்.

சுருக்கம் எவ்வளவு என்பதை எக்கோ சொல்லும். மிகுதியானால் பலூனால் விரிக்கலாம். கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி மடங்கு கூடும்போது, அதுவரை தொல்லை தராத சுருக்கமும் மூச்சுத் திணறலாக வெளிப்படும். அதனால் இந்த நோயை மறைத்துத் திருமணம் செய்து வைக்காதீர்கள். மகளும் மாப்பிள்ளையும் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே இதய மருத்துவரைச் சேர்ந்து பார்க்கட்டும். ஊசி அட்டையில் அடுத்த தேதியை நாங்கள் எழுதிக் கொடுப்போம். தேர்வு, திருவிழா, ஊர்ப் பயணம் எதுவானாலும் அந்தத் தேதி தவறக் கூடாது. வெளியூரில் இருந்தால், அட்டையைக் காட்டினால் அங்குள்ள அரசு மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளலாம்.